அமுக்கராக் கிழங்கு: டப்பாவில் வந்ததும் பொட்டலத்தில் வந்ததும்

வில்லாபுரத்தில் எங்களுக்கு ஒரு மாவு மில். மாசிக் கடைசியில் ஆரம்பித்தால் வைகாசி வரைக்கும் மிளகாய், மல்லி, மஞ்சள் என்று பாதித் தெரு எங்கள் வாசலில்தான் நிற்கும். வருஷத்துக்கு வேண்டிய வத்தல் பொடியைக் கோடை வெயிலில் காயவைத்து அரைத்து வைக்கிற பழக்கம் மதுரையில் இன்னும் போகவில்லை. போகாமலே இருக்கட்டும், எங்கள் பிழைப்பு அது. காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் நிற்கும். போன வருஷம் அந்தச் சீசனில்தான் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆனது.

பத்தரைக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது. நின்றுபோன மோட்டார் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் கல்யாணத்துக்கு வைத்த நகைக்கடனுக்கு இந்த மாதம் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று மனசு தானாகக் கூட்டிக் கழிக்கும். விடிந்து எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் ஐந்து கிலோ மல்லித் தூக்கைத் தூக்கக் கை வராது. எனக்கு வயது 46. 2016-லிருந்து தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன், தைராக்ஸின் 75 மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போனில் புலம்பினேன். "அம்மா, நான் ஒண்ணு அனுப்புறேன், சாப்பிட்டுப் பாரு. எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு அதத்தான் போடுறாங்க" என்றான். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. 60 கேப்சூல், 549 ரூபாய். கரும்பச்சை டப்பா, மேலே பாய்கிற குதிரை. மன அழுத்தம், அசதி, தூக்கமின்மை மூன்றுக்கும் ஒரே டப்பா. 'அடாப்டோஜென்' என்று பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை. 'நூறு சதவீதம் இயற்கை, பக்க விளைவு இல்லை' என்று இன்னும் பெரிய எழுத்தில் ஒரு வரி. திருப்பித் திருப்பிப் பார்த்தால், அட, நம்ம அமுக்கரா!

நான் தாவரவியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு மாமனார் மில்லுக்கு மருமகளாக வந்தவள். படிப்பு அதற்கப்புறம் எதற்கும் உதவவில்லை, இந்த மாதிரி சமயத்தில் தவிர. அமுக்கராவின் தாவரப் பெயர் விதானியா சோம்னிஃபெரா. சோம்னிஃபெரா என்றால் லத்தீனில் தூக்கம் கொண்டுவருவது. கத்தரிக்காய், தக்காளி எல்லாம் இருக்கிற அதே குடும்பம். சொடக்குத் தக்காளியைச் சின்ன வயசில் நெற்றியில் அடித்து வெடித்திருக்கிறீர்களா? இதன் காயும் அப்படியே ஒரு காகிதப் பைக்குள் உட்கார்ந்திருக்கும், பழுத்தால் சிவப்பு. அசுவகந்தி என்று நம் ஆட்களும் சொல்வார்கள். அசுவம் குதிரை, கந்தம் வாடை. கிழங்கை முகர்ந்தால் குதிரை வாடை அடிக்கும் என்று பெயர். மதுரைக்காரிக்குத் தெரிந்த குதிரை அழகர் ஏறி வருகிற தங்கக்குதிரைதான்; அதற்கு எங்கே வாடை? எனக்கு நனைந்த கோணிச்சாக்கு வாடைதான் தெரிகிறது.

அடாப்டோஜென் என்பது நம் ஊர் வார்த்தை இல்லை. 1947-ல் சோவியத் நாட்டு விஞ்ஞானி லாசரெவ் வைத்த பெயர். உடம்பு எந்த நெருக்கடி வந்தாலும் தாங்கிக்கொள்ளப் பழக்கிவிடுகிற பொருள் என்று அர்த்தம். அவர்கள் ஆராய்ந்தது சைபீரியப் பக்கத்துச் செடிகளை. இந்தப் பட்டியலில் அமுக்கராவைப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். நம் சித்த வைத்தியத்தில் இது உடல் தேற்றி. தேற்றி என்ற வார்த்தையே போதுமானது, அதைப் போட்டால் 549 ரூபாய் வாங்க முடியாது.

சரி, சாப்பிட்டேன். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது வாரத்தில் தூக்கம் வந்தது. இரண்டு மணி முழிப்பு நாலு மணியானது, அப்புறம் ஐந்து. மில்லில் இருபது வருஷமாக எங்களோடு இருக்கிற அக்கா "என்ன மதினி, முகம் தெளிஞ்சிருக்கு" என்றாள். ஒரு மாதத்தில் டப்பா தீர்ந்தது. மகனிடம் சொல்லி இன்னொன்று வரவழைத்தேன்.

ஏழாவது வாரம். சித்திரை வெயில் என்றுதான் முதலில் நினைத்தேன். வேர்த்துக் கொட்டியது, அதுவும் விடியற்காலையில். நெஞ்சு ஓடிப்போய் நின்ற மாதிரி திக்குதிக்கென்று அடித்தது. ஒருநாள் சத்துமாவுக்கு வறுத்த பாசிப்பயறை மெஷின் வாயில் கொட்டும்போது விரல் நடுங்கி, பயறு தரையெல்லாம் சிதறியது. தராசில் கையை வைத்தால் முள் ஆடியது. எங்கள் வீட்டுக்காரர் பயந்துபோய் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் கேட்டார்: "தைராய்டு மாத்திரை தவிர வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார், வேற எதுவும் இல்ல."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அது மருந்து என்றே என் மனசில் பதியவில்லை. கிழங்குதானே! சுக்குக் காபியை மருந்து என்று யாராவது டாக்டரிடம் சொல்வோமா? ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார். தைராய்டுக்குப் பார்க்கிற டி.எஸ்.எச். என்ற அளவு, உடம்பில் தைராய்டு கூடினால் இறங்கும். வழக்கமாக எனக்கு அது 2-ஐ ஒட்டி இருக்கும். ரிப்போர்ட்டில் 0.08. மாத்திரையைத் தெரியாமல் இரண்டாகப் போடுகிறேனா என்று கேட்டார். அப்போது என் வீட்டுக்காரர்தான், "பையன் அனுப்புற குதிரை மாத்திரையும் சாப்பிடுறா சார்" என்று போட்டு உடைத்தார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னது: அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடுகிற ஆள் அதற்கு மேல் இதையும் போட்டால் அளவு மீறிப் போகலாம். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிறுத்திட்டு எட்டு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுங்க, தெரிஞ்சிரும்." நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் நடுக்கம் போனது. எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 1.9. தைராக்ஸின் அளவை மாற்றவே இல்லை.

அன்றைக்கு எடுத்த அதே ரத்தத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. அதாவது மல்லித் தூக்கைத் தூக்க முடியாமல் போனதற்கு ஸ்ட்ரெஸ் பாதிதான் காரணம். மீதி, மாதாமாதம் கொட்டித் தீர்த்ததும், எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டதும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், தைராக்ஸினுக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார். சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடம்பில் சரியாக ஏறாது. மூன்று மாதத்தில் எனக்குத் தெம்பு வந்தது அந்தச் சிவப்பு மாத்திரையால். ஆக, அமுக்கரா எனக்குத் தூக்கத்தைக் கொடுத்தது, அசதியின் காரணத்தை இரண்டு மாதம் மூடியும் வைத்தது. டப்பாவுக்கு நான் தருகிற மதிப்பெண் இவ்வளவுதான்.

அதற்கப்புறம் கோபத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2012-ல் ஹைதராபாத்தில் 64 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. வேர்ச்சாறு 300 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 60 நாள். மன அழுத்தத்தில் சுரக்கிற கார்ட்டிசால் ரத்தத்தில் ஏறக்குறைய 28 சதவீதம் இறங்கியிருக்கிறது. 2018-ல் தைராய்டு லேசாகக் குறைந்த 50 பேருக்கு எட்டு வாரம் தினம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் அவர்களுடைய தைராய்டு அளவு ஏறியிருக்கிறது. குறைந்தவர்களுக்கு ஏறினால் நல்ல செய்திதான். என்னை மாதிரி மாத்திரையால் சரியாக வைத்திருக்கிறவளுக்கு அதே செய்திதான் நடுக்கம்.

கல்லீரல் சமாசாரம் அதுவரை எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஐஸ்லாந்தில் மூன்று பேர், அமெரிக்காவில் இரண்டு பேர் என்று ஐந்து பேருக்கு அமுக்கரா மாத்திரைக்குப் பிறகு மஞ்சள் காமாலையும் உடம்பெல்லாம் அரிப்பும் வந்ததை 2020-ல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். நிறுத்தியதும் சில மாதங்களில் தேறிவிட்டார்கள். கோடிக்கணக்கான பேர் சாப்பிடுகிற பொருளில் இது அபூர்வம்தான். ஆனாலும் சாப்பிடுகிறவர் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 2023-ல் இதைத் தடையே செய்துவிட்டார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதில் எனக்குச் சம்மதமில்லை. நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்ட கிழங்கு. ஆனால் பாட்டன் தைராக்ஸின் போட்டுக்கொண்டு இதைச் சாப்பிடவில்லையே.

இனிமேல்தான் பொட்டலம் வந்த கடைக் கதை.

மகன் அனுப்பிய இரண்டாவது டப்பா பாதி அப்படியே இருந்தது. எங்கள் வீட்டுக்காரருக்கும் தூக்கம் சரியில்லை. "எனக்குத்தான் தைராய்டு இல்லையே, நான் போடுறேன்" என்றார். எனக்கு அந்த டப்பாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கேப்சூல் ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷமாக மாவு பார்க்கிற கண் இது. கிழங்கு மாவு என்றால் சந்தன வெளுப்பு இருக்க வேண்டும். இதில் பச்சை ஓடியது. சாறு காய்ச்சி எடுத்த தூளுக்கு நிறம் மாறும், அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இலையைச் சேர்க்கிற வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. கிழங்கைத் தோண்ட வேண்டும், இலையைப் பறித்தால் போதும், விலை மலிவு. விதாஃபெரின் என்ற வீரியமான சரக்கு இலையில்தான் கூடுதல். இலையைச் சேர்க்காதீர்கள், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. டப்பாவைத் தேடினேன், வேரா இலையா என்று ஒரு வார்த்தை கிடையாது. குப்பையில் போட்டுவிட்டு, கிழங்காகவே வாங்கலாம் என்று கிளம்பினேன்.

ஸ்கூட்டியைக் கீழவாசல் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தேன். கீழமாசி வீதிக்குள் லோடு இறக்குகிற நேரத்தில் வண்டியை விட்டால் வெளியே எடுக்க ஆள் தேட வேண்டும். தேர்முட்டியிலிருந்து விளக்குத்தூண் பக்கம் வருகிற வழியில், பலசரக்கு மொத்தக் கடைகளுக்கு நடுவில் ஒரு நாட்டு மருந்துக் கடை. பெயரைப் போடவில்லை, "நெட்டுலெல்லாம் பேரு போடாதீங்கம்மா, அப்புறம் கூரியர் அனுப்புறீங்களானு போன் பண்ணிக் கொல்லுவாங்க" என்றார் கடைக்காரர். பச்சை பெயின்ட் அடித்த பலகைக் கதவு, வாசலில் நன்னாரி வேர்க் கட்டு தொங்கும். கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளே ஆறடிக்கு ஆறடி. சுவர் முழுக்கத் தகர டப்பா, ஒவ்வொன்றிலும் எனாமல் பெயின்டில் பெயர், பாதி அழிந்துபோயிருக்கிறது. கடுக்காய், தான்றிக்காய், வசம்பு, அதிமதுரம், சித்தரத்தை. டப்பாவைத் திறக்காமலே எதில் என்ன என்று அவருக்குத் தெரியும். எழுபது வயதிருக்கும், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். கல்லாவில் அவர் மகன், போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இந்தக் கடைக்கு ஏதாவது குறை சொல்ல வேண்டும் என்றால் முதலில் அந்தத் தம்பியைத்தான் சொல்வேன். பொட்டலம் கட்டத் தெரியாது, பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தருவார். அண்ணாச்சி கட்டினால் செய்தித்தாளில் கூம்பு மாதிரிச் சுருட்டி, சணலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு. பஸ்ஸில் நசுங்கினாலும் பிரியாது.

"அமுக்கரா 250 கிராம் கொடுங்க அண்ணாச்சி."

டப்பா பக்கம் அவர் கை போகவில்லை. "யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. தூக்கம் இல்ல."

"சுகர் இருக்கா?"

"இல்ல."

"பிரஷர் மாத்திரை?"

"போடுறாரு."

"அப்ப இன்னைக்கு வேணாம்" என்றார். "பெரியாஸ்பத்திரியில சித்தா டாக்டர் இருக்காங்க. காட்டி, சரின்னா வந்து வாங்கிக்கங்க. கிழங்கு எங்கயும் ஓடிறாது."

வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிற கடையை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பிரஷரையும் சர்க்கரையையும் இது இறக்கும், அதற்கான மாத்திரையோடு சேர்ந்தால் தேவைக்கு மேல் இறங்கிவிடலாம் என்பதுதான் விஷயம். அவருக்கு அந்த விளக்கமெல்லாம் தெரியுமோ தெரியாதோ, கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. தைராய்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை. அதை அப்போது நான் சொல்லவில்லை; திருப்பி அனுப்பியதில் கொஞ்சம் கோபம் வேறு.

பெரியாஸ்பத்திரி சித்தா பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டினோம். ஒரு பெண் டாக்டர். நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், என்னென்ன மாத்திரை என்று பட்டியல் எழுதினார். "தண்ணிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். "எப்பவாவது" என்றார். கல்லீரல் டெஸ்ட் எடுத்துவிட்டு வரச் சொல்லி, அது சரியாக இருந்த பிறகுதான் அமுக்கரா சூரணம் எழுதினார். ஒரு கிராம், காலை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாலில், ஒரு மண்டலம், அதாவது 48 நாள். அதற்கப்புறம் நிறுத்தியாக வேண்டும். வாரம் ஒரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று, கூட நின்ற எங்கள் மகளைப் பார்த்துத் தனியாகச் சொன்னார். மருந்து இலவசம், அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்பு. வாராவாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

வாராவாரம் மில்லை மூடிவிட்டுப் போக முடியுமா? வெளியில் வாங்குவதென்றால் தயாரிப்பு உரிம எண், தயாரித்த தேதி இரண்டும் உள்ள டப்பாவாகப் பார்த்து வாங்கச் சொன்னார் டாக்டர். சென்னையில் வைத்தியர்கள் கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் செய்கிற சூரணம் மதுரையிலும் கிடைக்கிறது. சாதாரண மனுஷி என்றால் அதை வாங்கியிருப்பாள். நான் மில்காரி. நாமே செய்தால் என்ன என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பக்குவத்தைச் சொன்னார், செய்ததும் கொண்டுவந்து காட்டவும் சொன்னார்.

இந்தச் சூரணத்தின் கணக்கு இருக்கிறதே, அது ஒரு அழகு. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தினதைப் போல இரட்டிப்பு. ஏட்டை மறந்தாலும் கணக்கு மறக்காது. கூட்டினால் 255 பங்கு. அதில் பாதி சர்க்கரை, கால்வாசிதான் அமுக்கரா. ஒரு நாளைக்கு இரண்டு கிராம் சூரணம் சாப்பிட்டால் கிழங்கு உள்ளே போவது அரை கிராம். என் மகன் அனுப்பிய கேப்சூலில் இருந்தது காய்ச்சி இறுக்கிய சாறு, 600 மில்லிகிராமில் அமுக்கராவின் சத்தான விதனோலைடு 5 சதவீதம் என்று போட்டிருந்தது, அதாவது 30 மில்லிகிராம். சாதாரணக் கிழங்குத் தூளில் அந்தச் சத்து நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. 'பாட்டன் காலத்து மருந்து' என்று டப்பாவில் எழுதியிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை. சர்க்கரை நோய் இருக்கிறதா என்று அண்ணாச்சி முதலில் கேட்டதன் இன்னொரு அர்த்தமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுபடி கடைக்குப் போய்ச் சீட்டைக் காட்டினேன். இந்தத் தடவை அண்ணாச்சி இரண்டு டப்பாவை இறக்கினார். ஒன்றில் சுண்டுவிரல் பருமன், இன்னொன்றில் பென்சிலைவிட ஒல்லி. ஒரு துண்டை எடுத்து இரண்டு கையிலும் பிடித்து ஒடித்தார். சடக்கென்று, சாக்பீஸ் ஒடிகிற மாதிரி. உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. ஒல்லியானதை ஒடித்தார், அது வளைந்து நார் நாராகக் கிழிந்தது. "இது நம்ம பக்கத்துக் காட்டுச் செடி. அது மத்தியப் பிரதேசச் சரக்கு, நீமச்சு மண்டியில இருந்து வருது. பருமனா, ஒடிஞ்சா வெள்ளையா இருக்கணும், வண்டு துளை இருக்கக் கூடாது. பொடியா வாங்காதீங்க தங்கச்சி, எங்கிட்டயே வாங்காதீங்க. பொடியில எதைப் பாப்பீங்க?" தன் கடையிலேயே விற்கிற பொடிப் பாக்கெட்டைக் காட்டி அவர் இப்படிச் சொன்னதும் கல்லாவில் இருந்த தம்பி முதல்முறையாகப் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

100 கிராம் 90 ரூபாய். கிராம்பு, சிறுநாகப்பூ, திப்பிலி எல்லாம் கணக்குப்படி நிறுத்துத் தந்தார். சிறுநாகப்பூ விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பாதிக்குப் பாதி காம்பும் தூசியும். வீட்டில் பொறுக்கி எடுத்ததில் கணிசமாகக் கழிந்தது. ஏலம் கடைத்தெருவை விட விலை கூட. அதை நீங்கள் பலசரக்குக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அமுக்கராவை அப்படியே பொடித்துப் போடக் கூடாது, சுத்தி செய்ய வேண்டும். பிட்டவியல் என்பார்கள். மண்பானையில் பாதிக்குப் பாலும் தண்ணீரும் ஊற்றி, வாயில் துணியை வேடு கட்டி, இடித்த கிழங்குத் தூளை அதன்மேல் பரப்பி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து அடுப்பில் வைக்க வேண்டும். புட்டு அவிப்பது போலத்தான். பால் கொதித்து ஆவி தூளுக்குள் ஏறும். அரை மணி நேரத்தில் வீடெல்லாம் அந்த நனைந்த சாக்கு வாடை எடுத்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "நாய் ஏதும் நனைஞ்சு உள்ள வந்துருச்சா?" என்றார். இறக்கி மாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். காய்ந்த பிறகு வாடை பாதியாகக் குறைந்து, லேசான பால்கோவா வாசம் வந்திருந்தது.

அரைக்கிற விஷயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். 100, 200 கிராமை எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடாதீர்கள். மெஷின் உள்ளேயே அவ்வளவும் தங்கிவிடும், வெளியே வருவது முந்தின ஆளின் மல்லித் தூள். மிளகாய் மெஷினில் போட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம், தூக்க மருந்து கண்ணெரிச்சல் மருந்தாகிவிடும். எங்கள் மில்லுக்கு வருகிறவர்களிடமே இதைத்தான் சொல்கிறேன். வீட்டு மிக்ஸி போதும். விட்டு விட்டு அடியுங்கள், தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகிக் கட்டி தட்டும். அப்புறம் பழைய மல் வேட்டித் துணியில் சலியுங்கள். வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்பது இதைத்தான். மேலே தங்கும் நாரை மறுபடி அடிக்கலாம், இரண்டாம் தடவைக்கு மேல் அடித்துப் பிரயோசனமில்லை. சர்க்கரையைக் கடைசியில் சேர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் சூரணத்தை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் கொஞ்சமாகத்தான் செய்தேன். அவரிடம் கொண்டுபோய்க் காட்டியதும் விரலில் தேய்த்துப் பார்த்தார். விரல் ரேகைக்குள் படிந்தது. "பரவாயில்லையே" என்றார். நாலு வருஷக் கல்லூரி வாழ்க்கையில் கிடைக்காத மார்க் அது. மூன்று வருஷம்தான் படித்தேன், ஒரு பேப்பர் அரியர்.

எங்கள் வீட்டுக்காரருக்கு முதல் நாலு நாள் வயிறு இளகியது. டாக்டரிடம் கேட்டு ராத்திரி மட்டும் என்று குறைத்தோம், நின்றுவிட்டது. பாலில் கலந்தால் முகத்தைச் சுளித்தார். ஒருநாள் தெற்குவாசல் வண்டியில் பருத்திப்பால் வாங்கிவந்து, கருப்பட்டியும் சுக்கும் தூக்கலாக இருந்த அதில் கலந்து கொடுத்தேன், வாடையே தெரியவில்லை என்றார். தினமும் பருத்திப்பாலுக்கு எங்கே போவது, மறுநாளிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலிலேயே குடித்தார். மூன்றாவது வாரத்தில் தூக்கம் சீரானது. பிரஷர் 128-க்கு 84-ஐ ஒட்டியே இருந்தது, இறங்கிவிடவில்லை. 48 நாளோடு நிறுத்தினோம். இப்போது நாலு மாதம் ஆகிறது, பெரிய குறை ஒன்றும் இல்லை. குறட்டைக்கு மட்டும் அமுக்கரா ஒன்றும் செய்யாது, அதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். அவர் நன்றாகத் தூங்கத் தூங்க என் தூக்கம்தான் கெடுகிறது.

நான் அமுக்கராவைத் தொடுவதில்லை. மில்லை இப்போது எட்டு மணிக்கே மூடுகிறோம், சாயங்காலக் காபியை விட்டேன், சிவப்பு மாத்திரையை விடவில்லை. மகனுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவன் ஆபீசில் தைராய்டு மாத்திரை போடுகிற ஒரு பெண் அன்றைக்கே டப்பாவை மூடி வைத்துவிட்டாளாம்.

போன வாரம் பேரனுக்கு வசம்பு வாங்கக் கடைக்குப் போனேன். அப்போதுதான் அண்ணாச்சியிடம் என் கதையைச் சொன்னேன், டி.எஸ்.எச். நம்பர் வரைக்கும். முழுவதும் கேட்டார். "என்கிட்ட வாங்கலையே?" என்றார் முதலில். அப்புறம் "தைராய்டு மாத்திரையை வாரத்துல பத்துப் பேராவது சொல்லுறாங்க, நாந்தான் கவனிக்கல" என்றார். அமுக்கரா டப்பாவை இறக்கினார். மூடிக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, எனக்கு அதுவரை தெரியாது: சுகர், பிரஷர், பிள்ளைத்தாச்சி. மகனிடமிருந்து ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, அதன் கீழே 'தைராடு' என்று எழுதி மூடிவைத்தார். நான் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவு. மற்ற நாளில் காலை பத்துக்குத் திறப்பார். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து கூப்பிட்டால் தருவார். ஜிபே உண்டு. பை கொண்டுபோங்கள், அண்ணாச்சி இருக்கும்போது போங்கள்.